பீட்டர் கூப்பர்

முன்னுரை

பிறந்த மண்ணை விட்டுப் பிரிந்து, முன்பின் அறியாத நாட்டிற்குப் பிழைக்கச் செல்வோரின் நிலை மிகவும் இரங்கத்தக்கது. பஞ்சமோ, போரோ, அரசின் கொடுமையோ துரத்த, கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு கடல் கடந்து வருவோர் அவர்கள். புதிய நாட்டின் மொழி அவர்களுக்குத் தெரியாது. அந்நாட்டார் கையாளும் பொறிகளும் தெரியா. உடலில் வலிமையும் உள்ளத்தில் ஊக்கமும் இருந்தும், தொழில் அறியாமையால் அவர்கள் கிடைத்த கூலிக்கு மண் சுமந்தும் மூட்டை தூக்கியும் வாழ்நாளைக் கழிக்க நேரிடும். இத்தகையோருக்குக் கைப்பொருள் கேளாமல் தொழிற்கல்வி அளித்த பெருமக்களுள் ஒருவர், அமெரிக்க நாட்டைச் சேர்ந்த பீட்டர் கூப்பர் என்பார். அவர் நியூயார்க்கு நகரில் நிறுவிய கூப்பர் யூனியன் என்னும் கல்விக்கூடம், பல நாடுகளிலிருந்து வந்து குடியேறிய உழைப்பாளர்களுக்குப் பகலில் இழந்த கல்வியை இரவில் மீட்டுத் தந்த இடமாகும்.

பிறப்பும் இளமையும்

பீட்டர் கூப்பர் 1791ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 12ஆம் நாள் நியூயார்க்கு நகரில் பிறந்தார். அவர்தம் தந்தையார் ஜான் கூப்பர், தொப்பி செய்யும் தொழிலினர். ஒரு தொழிலில் நட்டம் வந்தால் மற்றொன்று, அதிலும் நட்டம் வந்தால் வேறொன்று எனத் தந்தையார் தொழிலும் ஊரும் மாறிக்கொண்டே இருந்தமையால், குடும்பத்தில் வறுமை நீங்கியபாடில்லை. சிறுவன் பீட்டர் முயல் தோலிலிருந்து மயிரைப் பறித்துக் கொடுத்துத் தந்தையாருக்கு உதவி செய்தான். அவன் பள்ளிக்குச் சென்றது ஏறத்தாழ ஓராண்டுக் காலமே. அதிலும் நாள்தோறும் அரை நாளே.

பள்ளி கிட்டாவிட்டாலும் பொருள்களைக் கூர்ந்து நோக்கும் அறிவு அவனிடம் இயல்பாகவே அமைந்திருந்தது. பழைய காலணி ஒன்றைத் தையல் பிரித்து, அஃது எவ்வாறு செய்யப்பட்டுள்ளது என்பதை ஆராய்ந்து அறிந்து, பின்னர் வீட்டாருக்கு வேண்டிய காலணிகளைத் தானே செய்து கொடுத்தான். தாயார் துணி துவைக்கப் படும் பாட்டைக் கண்டு, துணியை அடித்துத் துவைக்கும் கருவி ஒன்றையும் அமைத்தான்.

பதினேழாம் வயதில் பீட்டர், நியூயார்க்கு நகரில் குதிரை வண்டி செய்யும் பட்டறை ஒன்றில் தொழில் பயிலச் சேர்ந்தார். உணவும் உறையுளும் போக ஆண்டுக்கு 25 டாலர் அவருக்குக் கூலி. வண்டிச் சக்கரத்தின் குடத்தில் ஆரக்கால்கள் பொருந்துவதற்குரிய துளைகளைத் தச்சர்கள் அந்நாளில் உளி கொண்டு கையாலேயே குடைந்து வந்தனர். அவ்வேலையைச் செய்வதற்குப் பீட்டர் ஒரு பொறி கண்டார். அவருடைய திறமையையும் நேர்மையையும் கண்டு மகிழ்ந்த பட்டறைத் தலைவர், பயிற்சிக் காலம் முடிந்ததும் தனிப் பட்டறை வைத்துக்கொள்ளக் கடன் தர முன்வந்தார். ஆனால் தந்தையார் கடனால் பட்ட துன்பத்தை நேரில் கண்டிருந்த பீட்டர், அன்புடன் அளிக்கப்பட்ட அக்கடனையும் ஏற்க மறுத்துவிட்டார்.

உள்ளத்தில் விழுந்த விதை

பட்டறையில் பணியாற்றிய அந்த ஆண்டுகளில் பீட்டரின் உள்ளத்தை ஓயாமல் வருத்திய குறை ஒன்று உண்டு. பொறிகளைப் பற்றியும் இயற்கைப் பொருள்களின் தன்மைகளைப் பற்றியும் அறிய வேண்டும் என்ற வேட்கை அவருக்கு மிகுதியாக இருந்தது. பகலெல்லாம் உழைக்கும் இளைஞன் ஒருவன் மாலையில் சென்று பயிலத்தக்க இலவசப் பள்ளி அம்மாநகரில் ஒன்றேனும் இல்லை. நூல்களை வாங்கிப் படித்தார். அவற்றுள் பலவும் விளங்கவில்லை. விளக்கிச் சொல்வாரும் இல்லை. தம் சிறு கூலியில் ஒரு பகுதியை ஆசிரியர் ஒருவருக்குக் கொடுத்து மாலை நேரங்களில் பாடம் கேட்டார். வேலை முடிந்தபின் மெழுகுவத்தி ஒளியில் அமர்ந்து கணக்கும் எழுத்தும் பயின்றார்.

தாம் என்றேனும் பொருள் ஈட்டும் நிலை அடைந்தால், தம்மைப் போன்ற ஏழைத் தொழிலாளர் கட்டணமின்றிக் கற்பதற்கு ஒரு கூடம் அமைப்பது என்று அவர் அப்போதே உறுதி பூண்டார். இளமையில் இத்தகைய எண்ணம் கொள்வோர் பலர்; செல்வம் வந்தபின் அதனை மறவாதிருப்போர் சிலரே. பீட்டர் கூப்பர் அச்சிலருள் ஒருவர்.

உழைப்பும் உயர்வும்

பயிற்சி முடிந்தபின் கூப்பர், கம்பளித் துணியின் மேல் எழும்பி நிற்கும் மயிரை ஒட்டக் கத்தரிக்கும் பொறி செய்யும் இடத்தில் நாளொன்றுக்கு ஒன்றரை டாலர் கூலிக்கு அமர்ந்தார். பின்னர் அப்பொறியைத் தாமே திருத்தி அமைத்து விற்கத் தொடங்கினார். அத்தொழிலில் முதன்முதலாக அவர் கைக்குப் பெருந்தொகையாக வந்தது 500 டாலர். அதனை எடுத்துக்கொண்டு பெற்றோரைக் காணச் சென்றவர், தந்தையார் கடனில் மூழ்கியிருப்பதைக் கண்டு, அத்தொகையைக் கடன் தீர்க்கக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு திரும்பினார்.

1813ஆம் ஆண்டில் அவர் சாரா பெடல் என்னும் நங்கையை மணந்தார். அவர்களுக்குப் பிறந்த மக்கள் அறுவருள் இருவரே பிழைத்து வளர்ந்தனர். குழந்தை உறங்குவதற்குத் தானே ஆடும் தொட்டில் ஒன்றைக் கூப்பர் அமைத்தார். அஃது ஆடும்போதே ஈ ஓட்டும், இசையும் எழுப்பும். மனைவியின் களைப்பைக் குறைக்க அவர் அக்கருவியைச் செய்தார்.

1821ஆம் ஆண்டில் அவர் நியூயார்க்கு நகரின் ஓரத்தில் வச்சிரப் பசை காய்ச்சும் ஆலை ஒன்றை விலைக்கு வாங்கினார். மரத்தை மரத்தோடு ஒட்டுவதற்குத் தச்சர்கள் பயன்படுத்தும் பசை அது. நல்ல பசை ஐரோப்பாவிலிருந்து வர வேண்டும் என்ற நிலை அந்நாளில் அமெரிக்காவில் இருந்தது. கூப்பர் பலவாறு ஆய்ந்து அதனினும் சிறந்த பசையைக் குறைந்த விலைக்கு ஆக்கினார். விடியுமுன் ஆலைக்குச் சென்று தாமே அடுப்பு மூட்டுவார். நண்பகலில் தாமே நகருக்குள் சென்று விற்பார். இரவில் கணக்கெழுதிவிட்டுக் குடும்பத்தாருக்கு நூல் படித்துக் காட்டுவார். அவருடைய பெருஞ்செல்வத்திற்கு அடிப்படை இந்தப் பசை ஆலையே.

நீராவி வண்டி

அமெரிக்காவில் இருப்புப் பாதை தோன்றிய காலத்தில், பால்டிமோர் நகரிலிருந்து மேற்கே பாதை அமைத்த குழுவினர் பெருங்கவலையில் ஆழ்ந்தனர். அப்பாதையில் வளைவுகள் மிகுதி. அவ்வளைவுகளில் நீராவி வண்டி ஓடாது என்று பலரும் கருதினர். அந்நகரில் நிலம் வாங்கியிருந்த கூப்பர், நீராவி வண்டியை ஓட்டிக் காட்டுவதாக முன்வந்தார். வேண்டிய குழாய்கள் கிடைக்காமையால் துப்பாக்கிக் குழல்களை வாங்கிக் கொதிகலத்தில் பொருத்தினார். இவ்வாறு உருவான சிறு வண்டிக்கு டாம் தம் என்று பெயர் வழங்கிற்று. 1830ஆம் ஆண்டில் அது பயணிகளை ஏற்றிக்கொண்டு பதின்மூன்று மைல் தொலைவு வளைவுகளைக் கடந்து ஓடியது.

அவ்வண்டிக்கும் குதிரை இழுத்த வண்டிக்கும் நிகழ்ந்த பந்தயம் பெயர் பெற்றது. நீராவி வண்டி முந்திச் சென்றுகொண்டிருந்தபோது, தீயை ஊதும் விசிறியின் தோல்வார் நழுவிவிட்டது. கூப்பர் அதனை மீண்டும் மாட்ட முயன்று கையில் காயமுற்றார். அதற்குள் நீராவி தணிந்தது, குதிரை வென்றது. ஆயினும் அன்று தோற்ற வண்டியே நாட்டின் போக்குவரத்துக்கு வழிகாட்டியது. குதிரையின் வெற்றி ஒரு நாளைக்குரியதாகவே நின்றுவிட்டது.

பின்னர் அவர் டிரென்டன் என்னும் ஊரில் இரும்பாலை நிறுவினார். கட்டடங்களுக்குரிய இரும்பு உத்தரங்களை உருட்டி எடுப்பதில் அவ்வாலை முன்னோடியாக விளங்கிற்று. அட்லாண்டிக் கடலுக்கு அடியில் அமெரிக்காவையும் ஐரோப்பாவையும் இணைக்கத் தந்திக் கம்பி இடும் முயற்சி 1854இல் தொடங்கியபோது, அதனை மேற்கொண்ட குழுவிற்கு அவர் தலைவரானார். 1858இல் இட்ட கம்பி சில வாரங்களிலேயே செயலற்றுப்போயிற்று. மக்கள் எள்ளி நகையாடினர். பொருள் உதவியோர் பின்வாங்கினர். கூப்பர் தளரவில்லை. 1866ஆம் ஆண்டில் அம்முயற்சி நிலையான வெற்றி கண்டது.

வந்து குவிந்த மக்கள்

கூப்பர் செல்வம் ஈட்டிக்கொண்டிருந்த அதே காலத்தில் நியூயார்க்கு நகரின் தோற்றமே மாறிவிட்டது. 1845ஆம் ஆண்டு தொடங்கி அயர்லாந்து நாட்டில் உருளைக்கிழங்குப் பயிர் நோயுற்று அழிந்தது. அதனையே நம்பி வாழ்ந்த ஏழை மக்களுள் ஏறத்தாழப் பத்து இலட்சம் பேர் பசியாலும் நோயாலும் மாண்டனர். அதனினும் மிகுதியானோர் நாட்டை விட்டு வெளியேறினர். 1848ஆம் ஆண்டில் ஜெர்மானிய நாடுகளில் எழுந்த புரட்சி ஒடுக்கப்பட்டபோது, அங்கிருந்தும் பலர் அமெரிக்காவில் அடைக்கலம் புகுந்தனர். 1860ஆம் ஆண்டில் நியூயார்க்கு நகர மக்களுள் ஏறத்தாழப் பாதிப்பேர் வெளிநாட்டில் பிறந்தவர்.

இவ்வாறு வந்தவர் வேலையை நாடினர். ஆலைகளும் தொழிற்கூடங்களும் ஆட்களை நாடின. ஆனால் இவ்விரண்டிற்கும் இடையே ஒரு பள்ளம் இருந்தது. பொறியின் வரைபடத்தைப் படிக்கத் தெரிந்தவனுக்கும், அளவெடுக்கவும் கணக்கிடவும் அறிந்தவனுக்கும் நல்ல கூலி கிடைத்தது. அவை தெரியாதவன் எவ்வளவு வலிமை உடையவனாயினும் கூலியாளாகவே இருந்தான். அக்கல்வியைப் பெறப் பகற்பொழுதும் பணமும் வேண்டும். அவ்விரண்டும் ஏழையிடம் இல்லை. முப்பது நாற்பது ஆண்டுகளுக்கு முன் தாம் பட்ட துன்பத்தையே ஆயிரக்கணக்கானோர் படுவதைக் கூப்பர் கண்டார்.

கூப்பர் யூனியன்

1853ஆம் ஆண்டில் கூப்பர் தம் கல்விக்கூடத்திற்கு அடிக்கல் நாட்டினார். பல ஆண்டுகளாகச் சிறுகச் சிறுக வாங்கிச் சேர்த்த நிலத்தில், ஆறு இலட்சம் டாலருக்கு மேல் செலவிட்டு அப்பெருங் கட்டடம் எழுந்தது. தீப்பற்றாதிருக்கும் பொருட்டு, தம் ஆலையில் உருட்டிய இரும்பு உத்தரங்களை அதில் பயன்படுத்தினார். மாடிகளுக்கு ஆட்களை ஏற்றிச் செல்லும் லிப்டு அந்நாளில் வழக்கிற்கு வரவில்லை. எனினும், அத்தகைய கருவி விரைவில் வரும் என உணர்ந்த கூப்பர், அதற்கென அடித்தளம் முதல் உச்சி வரை வட்டமான வழி ஒன்றை முன்கூட்டியே விட்டுக் கட்டினார்.

கட்டடம் கட்டிக் கொடுத்துவிட்டால் கல்வி நடைபெற்றுவிடாது. ஆசிரியர் ஊதியத்திற்கும் விளக்குக்கும் ஆண்டுதோறும் பணம் வேண்டும். அதனையும் கூப்பர் எண்ணிப் பார்த்தார். கீழ்த்தளத்தைக் கடைகளுக்கு வாடகைக்கு விட்டு, அவ்வருவாய் மேல்தளங்களில் நடைபெறும் கல்விக்குச் சேருமாறு ஏற்பாடு செய்தார். 1859ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் அக்கட்டடத்தை முறையாக எழுதி அறங்காவலர்களிடம் ஒப்படைத்தார்.

மாலை வகுப்புகள் தொடங்கியபோது இளைஞர் திரண்டு வந்தனர். தச்சரும் கொல்லரும் ஆலைத் தொழிலாளரும் பகல் வேலை முடித்து, கைக் கரியைக் கழுவிக்கொண்டு வகுப்பில் அமர்ந்தனர். கணக்கு, வேதியியல், இயற்பியல், பொறியியல், பொறி வரைபடம், கட்டட வரைபடம் ஆகியவை அங்குக் கற்பிக்கப்பட்டன. அம்மாலை வகுப்புகளுக்குக் கட்டணம் இல்லை. இன்ன நாட்டினர், இன்ன சமயத்தினர், இன்ன நிறத்தினர் என்ற வேறுபாடும் இல்லை. இரவிலும் திறந்திருந்த நூலகத்தில் நூல்களையும் செய்தித்தாள்களையும் எவரும் படிக்கலாம். குளிர்காலத்தில் கணப்பற்ற சிற்றறைகளில் வாழ்ந்த ஏழைகளுக்கு அந்நூலகம் அறிவோடு வெம்மையையும் அளித்தது.

பெண்கள் தம் கையால் உழைத்துத் தம் காலில் நிற்க வேண்டும் என்பதும் கூப்பரின் உறுதியான கருத்து. தொழிலறியாத ஏழைப் பெண்கள், வாழ்வதற்கு வேறு வழி காணாமல் படும் துயரங்களை அவர் அறிந்திருந்தார். ஆகவே பெண்களுக்கென ஓவிய வகுப்பும், நூல்களுக்கும் இதழ்களுக்கும் மரத்தில் படம் செதுக்கும் வகுப்பும் நடத்தப்பட்டன. 1869ஆம் ஆண்டில் வெஸ்டர்ன் யூனியன் என்னும் தந்திக் குழுவின் துணையோடு, பெண்களுக்குத் தந்தியடிக்கும் தொழில் இலவசமாகக் கற்பிக்கப்பட்டது. அந்நாளில் தந்தி புதிய தொழில்நுட்பங்களுள் ஒன்று. அதனைக் கற்ற பெண்கள் தந்தி அலுவலகங்களில் பணி பெற்றனர்.

அக்கட்டடத்தின் அடித்தளத்தில் அமைந்த பேரவைக் கூடமும் புகழ் வாய்ந்தது. 1860ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 27ஆம் நாள் ஆபிரகாம் லிங்கன் அங்கு ஆற்றிய உரை, அவரைக் குடியரசுத் தலைவர் பதவிக்கு இட்டுச் சென்ற படிகளுள் ஒன்று எனக் கருதப்படுகிறது.

பயன் பெற்றோர்

ஒரு மரத்தின் சிறப்பை அதன் கனி காட்டும். கூப்பர் யூனியனின் சிறப்பை அங்குப் பயின்றோர் வாழ்வு காட்டும்.

அயர்லாந்துப் பஞ்சத்தின்போது 1848இல் ஆறு மாதக் குழந்தையாக நியூயார்க்கு வந்தவர் அகஸ்டஸ் செயின்ட் காடன்ஸ். அவர் தந்தையார் காலணி தைப்பவர். பதின்மூன்றாம் வயதில் மணிக்கல்லில் உருவம் செதுக்கும் தொழிலுக்கு அனுப்பப்பட்ட அச்சிறுவர், பகலில் செதுக்கிவிட்டு மாலையில் கூப்பர் யூனியனில் ஓவியம் பயின்றார். பின்னாளில் அமெரிக்காவின் தலைசிறந்த சிற்பியாக உயர்ந்தார்.

மைக்கேல் புபின் என்பவர் இன்று செர்பியாவில் உள்ள இட்வோர் என்னும் சிற்றூரில் பிறந்தவர். 1874ஆம் ஆண்டு கப்பலிலிருந்து இறங்கியபோது அவரிடம் இருந்தது ஐந்து சென்ட் காசு மட்டுமே. ஆங்கிலமும் அறியார். பண்ணைகளில் உழைத்துப் பின் நியூயார்க்கில் பிசுக்கோத்து ஆலை ஒன்றில் வேலைக்கு அமர்ந்த அவ்விளைஞர், மாலை வேளைகளில் கூப்பர் யூனியனை நாடிச் சென்றார். அங்கு நடைபெற்ற விரிவுரைகளைக் கேட்டார். நூலகத்தில் அமர்ந்து படித்தார். அந்நூலகத்தில் முதியவரான கூப்பரை நேரில் கண்ட நிகழ்ச்சியையும் புபின் தம் வரலாற்றில் குறித்துள்ளார். ஐந்தே ஆண்டுகளில் அவர் கொலம்பியா கல்லூரியில் சேர்ந்தார். பின்னர் அங்கேயே பேராசிரியரானார். தொலைபேசிக் கம்பிகளில் குரல் தேயாமல் நெடுந்தொலைவு செல்ல உதவும் கம்பிச் சுருள்களை அவர் கண்டார். கட்டணம் கேட்டிருந்தால் அந்த ஐந்து சென்ட் இளைஞர் அக்கூடத்தின் வாயிலைக் கடந்திருக்க இயலாது.

இவர்கள் பெயர் பெற்றோர். பெயர் அறியப்படாமல் நல்ல தச்சராகவும், வரைபடக்காரராகவும், தந்தியாளராகவும் ஆகித் தம் குடும்பத்தை வறுமையிலிருந்து மீட்டோர் எண்ணற்றோர். கூப்பர் பெரிதும் எண்ணியது இவர்களையே.

இறுதிக்காலம்

செல்வம் பெருகியும் கூப்பரின் வாழ்வு எளிமையாகவே இருந்தது. பகட்டான வண்டியில் அவர் சென்றதில்லை. முதுமையிலும் கல்விக்கூடத்திற்கு வந்து வகுப்புகளையும் நூலகத்தையும் பார்ப்பது அவர் வழக்கம். எண்பத்தைந்தாம் வயதில், 1876ஆம் ஆண்டு, ஏழை உழவர்க்கும் தொழிலாளர்க்கும் பரிந்து பேசிய கட்சி ஒன்றின் சார்பில் குடியரசுத் தலைவர் பதவிக்குப் போட்டியிட்டார். வெற்றி கிட்டாது என்பது தெரிந்திருந்தும் தம் கருத்தை நாடறியச் சொல்வதற்கு அதனை ஒரு வாய்ப்பாகக் கொண்டார்.

1883ஆம் ஆண்டு ஏப்ரல் திங்கள் 4ஆம் நாள், தம் தொண்ணூற்றிரண்டாம் வயதில் பீட்டர் கூப்பர் இயற்கை எய்தினார். நகரமே துயரில் ஆழ்ந்தது. அதே ஆண்டில்தான் மைக்கேல் புபின் கொலம்பியாவில் பட்டம் பெற்றார். பதினான்கு ஆண்டுகள் கழிந்து, 1897இல், கூப்பர் யூனியனுக்கு முன்னே கூப்பரின் சிலை நிறுவப்பட்டது. அதனை வடித்தவர் செயின்ட் காடன்ஸ். இலவசமாகக் கற்ற மாணவர் ஒருவர் தம் வள்ளலுக்குச் செலுத்திய குருதட்சிணை அது.

முடிவுரை

கூப்பர் யூனியனின் பிற்கால வரலாறும் ஒரு பாடம் புகட்டுகிறது. ஸ்காட்லாந்திலிருந்து ஏழைச் சிறுவனாகக் குடியேறிப் பெருஞ்செல்வரான ஆண்ட்ரூ கார்னகி அளித்த கொடையின் உதவியால், 1902ஆம் ஆண்டு முதல் அங்குக் கல்வி முழுவதும் இலவசமாயிற்று. நூறாண்டுகளுக்கு மேல் நீடித்த அந்நிலை பணமுடையால் தளர்ந்து, 2014ஆம் ஆண்டு முதல் புதிய மாணவர் கட்டணத்தில் ஒரு பகுதியைச் செலுத்த வேண்டியதாயிற்று. அதற்கு முந்திய ஆண்டிலேயே மாணவர்கள் அம்முடிவை எதிர்த்துக் கிளர்ந்தெழுந்தனர். மீண்டும் முழு இலவசக் கல்வியை நிலைநாட்ட 2018ஆம் ஆண்டில் பத்தாண்டுத் திட்டம் ஒன்று வகுக்கப்பட்டது. ஓர் அறத்தைத் தொடங்குவது அரிது. தலைமுறை தலைமுறையாக அதனைக் காப்பது அதனினும் அரிது என்பதை இது காட்டும்.

உலகில் இன்றும் போரும் பஞ்சமும் துரத்த, ஊர் விட்டு ஊர் செல்வோர் பலர். அன்று தந்தியும் பொறி வரைபடமும் இருந்த இடத்தில் இன்று கணிப்பொறி இருக்கிறது. கருவி மாறியது, தேவை மாறவில்லை. தாம் கற்ற தொழிலைத் தெரியாதார் ஒருவருக்குப் பொருள் கேளாது கற்றுக்கொடுக்கும் ஒவ்வொருவரும் பீட்டர் கூப்பர் சென்ற வழியில் செல்பவரே ஆவர். இதற்குப் பெருஞ்செல்வம் வேண்டுவதில்லை. தாம் பட்ட துன்பத்தை மறவாத நெஞ்சம் இருந்தால் போதும். அத்தகைய நெஞ்சத்தை மாணவர் இளமையிலேயே பெற்று வளர்வாராக.